பக்கத்திலேயே இருந்த ஃபைல்

அன்புள்ள செல்வா,

உன் மெயிலுக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கரை ஓரங்கட்டிவிட்டுச் சமையலறை வரை நடக்கிறார். நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். புது வேலையில் பில்ட் (சோர்ஸிலிருந்து ஓடும் ப்ரோகிராமை உருவாக்கும் வேலை) முழுவதையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள், வெளி லைப்ரரிகளை, அதாவது அடுத்தவர் எழுதித் தந்த ரெடிமேட் கோடை, எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாயே, அதற்கான என் பதிலும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

எங்கள் ப்ரோகிராமுக்கு ஒரு கேமரா லைப்ரரி வேண்டும். வெளியார் கொடுத்தது, சோர்ஸ் கிடையாது. அதற்கு இன்னொரு சின்ன லைப்ரரி வேண்டும். இரண்டும் ப்ரோகிராமுக்குப் பக்கத்தில் 'லிப்' என்ற ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. லிங்க் செய்யும்போதே (ப்ரோகிராமை லைப்ரரிகளோடு கோக்கும்போதே) டாலர் ஒரிஜின் ('நான் இருக்கும் ஃபோல்டர்' என்று பொருள்) போட்டு, 'உனக்குப் பக்கத்து லிப்பில் தேடு' என்று எக்சிகியூட்டபிளுக்குள் (ஓடும் ஃபைலுக்குள்) எழுதிவைத்திருந்தோம். பல வருடம் ஓடியது. புது உபுண்டுவில் பில்ட் செய்து சர்வரில் போட்டதும் படுத்துவிட்டது. எந்த லைப்ரரி எங்கே கிடைக்கிறது என்று காட்டும் எல்டிடி கமாண்டை அடித்துப் பார்த்தால் கேமரா லைப்ரரிக்கு நேரே ஒழுங்காகப் பாதை காட்டுகிறது. சின்னதுக்கு நேரே 'நாட் ஃபவுண்ட்'. ஃபோல்டரைத் திறந்தால் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன!

எக்சிகியூட்டபிளுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும் ரீட்எல்ஃப் மைனஸ் டி போட்ட பிறகுதான் பிடிபட்டது. அந்தத் தேடும் பாதைக்குப் பழைய பில்டில் ஆர்பாத் என்றிருந்த இடத்தில் புதியதில் ரன்பாத் என்றிருந்தது. லிங்கரின் டிஃபால்ட் மாறியிருக்கிறது, நாங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஆர்பாத் என்பது 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று அச்சடித்த பத்திரிகை மாதிரி: ப்ரோகிராம் கூப்பிட்ட லைப்ரரி தன் பங்குக்கு யாரைக் கூப்பிட்டாலும் அவர்களுக்கும் அதே பந்தியில் இலை விழும். ரன்பாத்தில் பெயர் போட்டவருக்கு மட்டும்தான் இலை. கேமரா லைப்ரரி கூட்டிவந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உருவாக்கி முடித்த ஃபைலுக்குள்ளும் இந்தப் பாதையை மாற்றித் தரும் பேட்ச்எல்ஃபை வைத்து கேமரா லைப்ரரிக்குள்ளும் டாலர் ஒரிஜினை எழுதினேன் (கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்). ஒரு வரி, வேலை முடிந்தது. லிங்கரிடம் பழையபடி ஆர்பாத்தே போடு என்றும் சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் மனமில்லை. தனக்கு வேண்டியதைத் தேட அந்தந்த லைப்ரரிக்கே தெரிந்திருக்கட்டும்.

சரி, என் லேப்டாப்பில் மட்டும் ஏன் ஓடியது? இரண்டு நாளைத் தின்றது இந்தக் கேள்விதான். பேஷ்ஆர்சியை (டெர்மினல் திறக்கும்போது ஓடும் செட்டிங் ஃபைலை) திறந்தால் எல்டி லைப்ரரி பாத், அதாவது 'லைப்ரரியை இங்கேயும் தேடு' என்று ஒரு வரி. மேலே கமென்ட்: 'டெம்ப், அப்புறம் எடுக்கணும்'. எழுதியவன் நானேதான், எந்தக் காலத்திலோ. ப்ரோகிராம் ஓடும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடர், ரன்பாத்துக்கு முன்பே அதைப் பார்த்துவிடும், அதனால் பிழை வெளியே தெரியவே இல்லை. உன் டீமில் எல்லோர் பேஷ்ஆர்சியையும் முதலில் ஒரு முறை பார். ஒவ்வொரு பில்டையும் ஒன்றுமில்லாத புது கன்டெய்னரில் (மெஷினிலிருந்து தனியாகப் பிரித்த சூழலில்) ஓடவிட்டுப் பார்.

லேட்டஸ்ட் வெர்ஷனையே இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் லைப்ரரி) கதை ஞாபகம் இருக்கிறதா? 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு. அதைக் கிளப்பிவிடும் ஸ்கிரிப்ட் எல்லோரும் பார்க்கும் கிட் சோர்ஸில் இல்லை, ரிலீஸ் டார்பாலில் (சோர்ஸை ஒரே ஃபைலாகச் சுருட்டி வெளியிடுவது) மட்டும் இருந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது) அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர் நோண்டப் போய்த்தான் வெளியே வந்தது. ஹாஷ் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை) சரிபார்த்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது, விஷம் கலந்ததே அதிகாரபூர்வ டார்பாலில்தானே. பழைய வெர்ஷனில் நின்ற டெபியன் ஸ்டேபிள்காரர்கள் (டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பைப் போட்டவர்கள்) தப்பித்தார்கள். அதனால் வெர்ஷனைப் பூட்டு, ஹாஷும் போடு, டார்பாலின் பிரதியை உங்கள் சர்வரிலேயே வை. ஏற்றும்போது ஒவ்வொன்றாக ஏற்று. பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் தள்ளிப்போடாதே.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வரும்போது உன் பில்டுக்கான சிமேக் ஃபைலையும் எடுத்துவா, திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
குமார்