பொக்ரிஷ்கின் வென்றது துணிச்சலால் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில் வந்த, இரண்டாம் உலகப் போரின் சோவியத் போர்விமானி அலெக்சாண்டர் பொக்ரிஷ்கின் பற்றிய கட்டுரை, பக்கத்துக்குப் பக்கம் அவருடைய துணிச்சலையே சொல்கிறது. ஜேர்மனி படையெடுத்த 1941இல் துணிச்சலான விமானிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பலர் அந்த ஆண்டைத் தாண்டவில்லை. பொக்ரிஷ்கினைக் காப்பாற்றியது மெக்கானிக் மூளை. அவர் முதலில் விமானம் திருத்துபவர். 1938இல் லீவில் போய் கிராஸ்னதார் பறத்தல் கழகத்தில் 17 நாளில் விமானம் ஓட்டப் பழகினார்.

போர் முழுவதும் அவர் மிக் விமானமே ஓட்டியதாக எழுதியிருப்பது பிழை. தொடக்கத்தில் மிக்-3 சரி. 1943 ஏப்ரலில் தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதி வான்சமருக்குப் போனபோது அவர் ஓட்டியது ஈரான் வழியாக வந்த அமெரிக்க பி-39 ஏரகோப்ரா. அதன் இஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து ஒரு நீளத் தண்டு இருக்கைக்குக் கீழால் ஓடி முன் காற்றாடியைச் சுழற்றும். இதனால் காலியான மூக்கில் 37 மில்லிமீற்றர் பீரங்கி, காற்றாடியின் நடுவாலேயே சுடும்படி வைக்கப்பட்டது. ஆனால் 30 ரவைதான். பீரங்கிக்கும் மூக்கிலுள்ள துப்பாக்கிகளுக்கும் தனித்தனி விசை. பொக்ரிஷ்கின் எல்லாவற்றையும் ஒரே விசையில் இணைக்கச் செய்தார். நன்றாகக் கிட்டப் போய் ஒரு நொடி அழுத்தினால், முழுச் சூடும் ஒரே இடத்தில் விழும். இறக்கைத் துப்பாக்கிகளைப் பல படையணிகள் கழற்றியே விட்டன. பாரம் குறைய விமானம் சட்டென்று புரளும்.

கெடுதலும் அதே அமைப்பில்தான். பாரம் பின்னால் இருக்கிறது. ரவை தீரத்தீர மூக்கு இலேசாகும். அந்த நேரம் வேகத்தை விட்டுவிட்டு ஓட்டும் கோலை அளவுக்கு மீறி இழுத்தால் விமானம் தட்டையாகச் சுழன்று விழும். மீட்பது மிகக் கடினம். கதவோ கார்க் கதவு மாதிரிப் பக்கத்தில். குதித்தவர்கள் சிலரை வால் இறக்கை அடித்தது.

பொக்ரிஷ்கினுடைய சூத்திரம் நான்கு சொல்: உயரம், வேகம், நகர்வு, சூடு. வரிசை முக்கியம். அதுவரை தரைப்படைக்கு மேலே மெதுவாக வட்டமிட்டுக் காவல் காக்கச் சொல்வார்கள். மெதுவாகப் பறப்பவனை மேலிருந்து வருபவன் அடித்துவிடுவான். குபானில் இரண்டிரண்டு விமானமாகப் பிரித்து, ஒரு சோடிக்கு மேலே இன்னொரு சோடியாக, மாடிப்படி போல அடுக்கினார்கள். மேல் சோடி சூரியன் பக்கம் நிற்கும். காவல் காக்கும் இடத்தையும் ஊஞ்சல் போலக் கடந்தார்கள்: உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கி, அந்த வேகத்திலேயே மறுபக்கம் ஏறுவது.

உயரத்தில் காவல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்புக் கடலே சாட்சி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு சண்டை விமானமும் இருக்கவில்லை. யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாய் இறங்கின. 307 பேர் மாண்டார்கள். கரையிலிருந்து சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது.

இன்னொரு திருத்தம். பொக்ரிஷ்கின் வீழ்த்திய விமானங்கள் 59 என்பது சோவியத் அதிகாரபூர்வக் கணக்கு. ஆவணங்களைப் பார்த்து எண்ணியவர்கள் குறைவாகவே சொல்கிறார்கள். சோவியத் விமானிகளில் 62உடன் முதலிடத்தில் இருந்தவர் லா-5, லா-7 சண்டை விமானங்களை ஓட்டிய இவான் கொஜெதூப்.

மாணவர் பக்கத்தில் அந்த மாடிப்படி அடுக்கை ஒரு கோட்டுப்படமாகப் போடுங்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் இடவேண்டும். அது இல்லாமல் படம் விளங்காது.

இப்படிக்கு,
வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு