பவித்ரா அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்

திண்டுக்கல்
14-07-2024

அன்புள்ள சாந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழைதான் இல்லை. அங்கே அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா? அத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

விசாரிப்பு இத்துடன் போதும். உன் மகளைப் பற்றி நீ செவ்வாய்க்கிழமை அனுப்பிய செய்தியை நான் இருபது முறையாவது படித்திருப்பேன். "பவித்ரா கோயம்புத்தூரில் ஏதோ பார்ட் டைம் பிசினஸ் என்கிறாள். 15,000 ரூபாய் கேட்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் கூட்டமாம். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, நல்லதுதானா?" என்று கேட்டிருந்தாய். 'உனக்குத்தான் தெரியுமே' என்று நீ சாதாரணமாகத்தான் எழுதியிருப்பாய். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆள் சேர்த்துச் சரக்கு விற்கும் அந்தக் கம்பெனியிலிருந்து நான் மார்ச் மாதமே வெளியே வந்துவிட்டேன், சாந்தி. நான்கு மாதமாக உன்னிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று நீ திட்டுவாய். போனை எடுத்தால் என் குரலையே எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று அங்கே பாடம் எடுத்தார்கள். முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கேள், பிறகு உடம்பைப் பற்றிக் கேள், அவர்கள் ஒரு குறையைச் சொல்லும்வரை காத்திரு, சொன்னதும் "அதற்கு ஒரு வழி இருக்கிறது" என்று ஆரம்பி. போன வருடம் மார்ச்சில் உனக்கு அப்படித்தான் பேசினேன். உன் முட்டிவலியைப் பற்றி நான் பத்து நிமிடம் விசாரித்தேனே, நினைவிருக்கிறதா? நீ நெகிழ்ந்துபோய், "உன்னைத் தவிர யார் இப்படிக் கேட்கிறார்கள்" என்றாய். அடுத்த வாரமே 4,600 ரூபாய் அனுப்பினாய். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி விடுதியில் ஒரே விளக்கடியில் படித்த நாளில் நமக்குள் இருந்த பேச்சு, எழுதினால்தான் எனக்குத் திரும்ப வரும் போலிருக்கிறது.

முதல் நாள் வீட்டுப்பாடமே பெயர்ப் பட்டியல்தான். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். உறவு, அக்கம்பக்கம், கூடப் படித்தவர்கள், பால்காரர், துணி தேய்ப்பவர் எல்லோரும் அதில் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறி: நம்மை மறுத்துப் பேச முடியாதவர்கள் முதல் வகை, பணத் தேவை உள்ளவர்கள் இரண்டாம் வகை, மற்றவர்கள் மூன்றாம் வகை. நீ நான்காவது பெயர். முதல் வகை. என் கையாலேயே குறி போட்டேன். அந்த நோட்டை எரித்துவிடலாம் என்று இவர் சொன்னார். நான் விடவில்லை. அது பீரோவில் இருக்கிறது.

ஏன் போனாய் என்று நீ கேட்பாய். பணம் ஒரு காரணம்தான். நர்சரிப் பள்ளியில் எனக்கு என்ன சம்பளம் என்று உனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என்னைப் பிடித்துவைத்தது கைதட்டல். திருச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூட்டம். மூன்றாவது வாரம் என் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்து, சட்டைப்பையில் குத்தும் பேட்ஜ் ஒன்றைச் சேலையில் குத்திவிட்டார்கள். இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐம்பத்திரண்டு வயதில், என் கல்யாணத்துக்குப் பிறகு, எனக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றது அன்றுதான். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தூங்கவில்லை. பவித்ராவிடம் பேசும்போது இதை மறந்துவிடாதே. அவளை இழுப்பது பேராசை என்று மட்டும் நினைத்துவிடாதே. விடுதியில் தனியாக இருக்கும் பெண்ணைத் தினமும் காலையில் "கண்ணு, எழுந்தாயா?" என்று கேட்க ஓர் அக்கா கிடைத்திருப்பாள்.

திட்டத்தை வெள்ளைப் பலகையில் வட்டங்களாகப் போட்டுக் காட்டுவார்கள். நடுவில் நீ. உனக்குக் கீழே ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் கீழே ஆறாறு பேர். "ஆறு பேரைக்கூடவா உங்களால் சேர்க்க முடியாது?" என்பார்கள். மளிகைக் கடைக்காரர் மகளான நான் அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். வெளியே வந்த பிறகுதான் ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டேன். பத்தாவது அடுக்கில் மட்டும் 6 கோடியே 4 லட்சம் பேர் வருகிறார்கள். மேலிருந்து எல்லா அடுக்கையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில் குழந்தையும் படுத்த படுக்கையான பாட்டியும் சேர்ந்தாலும் பத்து அடுக்குக்குப் போதாது. அப்படியே சேர்ந்தாலும் ஆறில் ஐந்து பேர் கடைசி அடுக்கில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே சேர்க்க ஆள் ஏது? மேலே போகிற பணம் அவர்கள் கொடுத்ததுதான்.

"சரக்கு விற்கிறோம், இது சீட்டு இல்லை" என்பார்கள். சரக்கு இருந்தது. சத்து மாவு டின், நோனிச் சாறு, பற்பசை. ஆனால் மாதம் 3,200 ரூபாய்க்கு நாமே வாங்கினால்தான் அந்த மாதக் கமிஷன் உண்டு. வாங்காவிட்டால் கீழே உள்ளவர்களால் சேர்ந்த புள்ளியெல்லாம் அழிந்துபோகும். கடைக்காரனிடம் வாடிக்கையாளர் வாங்குவார்கள். இங்கே கடைக்காரர்களே வாடிக்கையாளர்கள். என் கட்டிலுக்கு அடியில் டின்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. பக்கத்து வீட்டார் ஒருவர்கூட இரண்டாவது முறை வாங்கவில்லை. அந்த மாவின் விலைக்கு மூன்று மாதக் கடலையும் பயறும் வாங்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணை முதலீடு முறிந்தபோது உன் சித்தப்பா எப்படி உட்கார்ந்துபோனார் என்று நாம் இருவரும் பார்த்தோம். அப்போது நான்தான் பெரிய மனுஷிபோல, "உழைக்காமல் மாதா மாதம் பணம் வருமென்றால் சந்தேகப்பட வேண்டாமா" என்று பேசினேன். அங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் பணம் என்றார்கள். இங்கே ஓடி ஓடி உழைத்தால் பணம் என்றார்கள். உழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் காவலை விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினம். பேருந்து நிலைய முக்கில் மல்லிகை கட்டும் பூக்கார அக்காவை உனக்குத் தெரியும். நீ வரும்போதெல்லாம் ஒரு முழம் கூட வைத்துக் கொடுப்பாரே, அவர்தான். அவரையும் சேர்த்தேன். இந்த வருடம் பிப்ரவரி 29. மாதக் கடைசி. அடுத்த படிக்கு எனக்கு இரண்டு டின் அளவுக்குப் புள்ளி குறைந்தது. சாயங்காலம் அவரிடம் போய் நின்றேன். "டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போகும்போது பார்த்தேன். இரண்டு காதிலும் ஈர்க்குச்சி செருகியிருந்தார். தோடு அடகுக் கடையில். டின் விலை போக மீதியில் வட்டிக்காரனுக்குப் பாக்கி கட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார், சாந்தி. நான் வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவர் வெட்கப்பட்டார்.

அன்றே என்னைச் சேர்த்துவிட்ட பெண்ணிடம் சொல்லி அழுதேன். "தோடு போனால் வைரத்தோடு வரும். நீங்கள் இப்படிக் கலங்கினால் உங்கள் டீம் என்ன ஆகும்?" என்றாள். அவளும் கெட்டவள் இல்லை. அவளுக்கு மேலே ஒருவர் அவளிடம் அப்படிச் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து, அப்பா கடையில் செய்வதுபோல, வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் என்று எழுதினேன். பதினான்கு மாதம். சேரும்போது 4,600. மாதச் சரக்கு 44,800. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு டிக்கெட் 4,000. ஆமாம், நம்மை உற்சாகப்படுத்தும் கூட்டத்துக்கு நாமே டிக்கெட் வாங்க வேண்டும். இரண்டு பெரிய மாநாட்டுக்குப் போய் வந்தது 6,800. பஸ்ஸும் போனும் 5,300. ஆக 65,500. வரவில், வரி பிடித்தம் போகக் கமிஷன் 13,150. வெளியாட்களுக்கு விற்ற சரக்கு 9,200. கையை விட்டுப் போனது 43,150 ரூபாய். பதினான்கு மாதமாக என்னை மேடையில் 'வெற்றிப் பெண்' என்று அழைத்தார்கள். நானும் நம்பினேன். கமிஷன் வந்த நாளெல்லாம் நினைவில் இருந்தது. கொடுத்த நாள் ஒன்றும் நினைவில் இல்லை.

விலகுகிறேன் என்று எழுதிய பத்தாவது நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். தினமும் நாற்பது காலை வணக்கம் வந்த போன் அடங்கிப்போனது. அந்த அமைதி முதலில் என்னை வாட்டியது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், ஏப்ரல் முழுவதும் அவர்களுக்காக ஏங்கினேன். ஒரு ஞாயிறு மண்டபம் வரை நடந்து போய், எதிர்ப்புறத்தில் நின்று பாட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

என் ஏலச்சீட்டை மே மாதம் தள்ளி எடுத்தேன். பள்ளியில் இரண்டு டீச்சர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பூக்கார அக்காவின் தோட்டைப் போன வாரம்தான் வட்டியோடு மீட்டேன். அங்கேயே முக்கில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கொடுத்தார். நான் காசு நீட்டியபோது வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. தம்பி மனைவி இன்னும் என்னோடு பேசுவதில்லை. கிரகப்பிரவேசத்தில் எனக்குப் பந்தி பரிமாறினாள், முகத்தைப் பார்க்காமல். அவளுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பேச்சு எப்போது வரும் என்று தெரியவில்லை.

உன் 4,600 ரூபாயை நேற்று உன் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பி என்னைச் சோதிக்காதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அந்தப் பச்சைக் குடை விஷயத்தில் நீ ஒரு வருடம் என்னைப் படுத்தியது போதும்.

இப்போது பவித்ரா. அவளிடம் "இது மோசடி" என்று எடுத்த எடுப்பில் கத்திவிடாதே. அண்ணனையும் கத்த விடாதே. வீட்டார் எதிர்ப்பார்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவைத்துவிடுவார்கள். அப்படி எதிர்ப்பவர்களுக்குக் 'கனவைத் திருடுபவர்கள்' என்று பெயரே உண்டு. இவர் என்னைத் திட்டிய ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னது பலித்ததாகவே நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும், இந்தச் சரக்கை விற்று மட்டும் உனக்கு மாதம் எவ்வளவு வரும்?" பதிலை அவளே தேடட்டும். நீ அவசரப்படுத்தாதே.

அரசாங்கப் பதிவு இருக்கிறது என்று ஜிஎஸ்டி சான்றிதழைக் காட்டுவார்கள். எங்களுக்கும் மேடையில் பெரிதாகக் காட்டினார்கள். அது வரி கட்டுவதற்கான எண். நாணயத்துக்குச் சாட்சி இல்லை. ஆள் சேர்ப்பதற்காகவே பணம் சுழலும் திட்டங்களை 1978ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் இப்படி அடுக்கடுக்காக ஆள் சேர்க்கும் பிரமிடுத் திட்டம் கூடாது என்கின்றன. ஒழுங்காகச் சரக்கு விற்கும் கம்பெனிக்கு அந்த விதிகளில் இடம் இருக்கிறது. இவர்கள் எந்தப் பக்கம் என்பது அந்த ஒரு கேள்வியின் பதிலில் தெரியும். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம், ரசீதையெல்லாம் பத்திரமாக வைக்கச் சொல்.

அவள் சட்டத்தைக் கேட்க மாட்டாள் என்றால், சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றி இங்கே அனுப்பு. வசந்தா சித்தி பிரியாணி வாங்கித் தருகிறாள் என்று சொல். பீரோவில் இருக்கும் நோட்டை அவளிடம் கொடுக்கிறேன். நான்காவது பெயரையும் அதற்கு எதிரே உள்ள குறியையும் அவளே பார்க்கட்டும். பிறகு பூக்கார அக்காவிடம் அழைத்துப் போகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன். "பிள்ளைக்குத்தானே, சொல்கிறேன்" என்றார்.

நீ என் மேல் கோபமாக இருந்தால் அதைத் தனியாக எழுது, படித்துக்கொள்கிறேன். பவித்ரா விஷயத்தை அதற்காகத் தள்ளிப்போடாதே. இது கையில் கிடைத்த அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. இந்த முறை நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன்
வசந்தா