ஆர்டர் எடுக்கச் சொன்னியே பாப்பா, அதுக்கு பதில்

பாப்பாவுக்கு, அம்மா எழுதுறேன்.

சாப்ட்டியா, அங்க குளிர் எப்படி இருக்கு. ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல, பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அப்பா பக்கத்துல டிவி பாத்துட்டு இருந்தாக, மிக்ஸில சீனி ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு நடுவுல என்னத்த பேச. ரெண்டு நாளா மனசுல அதேதான். போன்ல சொல்லப்போனா பாதில தொண்டை அடச்சிக்கும் எனக்கு, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன்.

நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. "இவ்ளோ அழகா கேக் பண்றியேம்மா, இன்ஸ்டாகிராம்ல பேஜ் ஆரம்பிச்சு தாரேன், சாப்பாட்டு சாமான் விக்க வாங்குற எஃப்எஸ்எஸ்ஏஐ ரெஜிஸ்ட்ரேஷன நானே ஆன்லைன்ல போட்டுத் தாரேன், ஆர்டர் எடு"ன்னு சொன்ன. என் மேல உள்ள பாசத்துலதான் சொல்றேன்னு தெரியும். ஆனா வேண்டாம்டா. ஏன் வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னு உனக்கு முழுசா தெரியணும், ஏன்னா நீ பாக்குறது வாட்ஸ்அப்ல வர்ற போட்டோ மட்டும்தான்.

ஆரம்பிச்சது உன்னாலதான், ஞாபகம் இருக்கா. உங்க ஆபீஸ்ல யாருக்கோ பிறந்தநாள்னு கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு சாக்லேட் கேக் போட்டோ அனுப்புன, வெள்ளை சாக்லேட்ல மூஞ்சி, கால்ல பூட்ஸ் எல்லாம் போட்டு. அதுக்கு பேரு "காலின்"னு, இங்கிலாந்து கடை மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்ல 1990லருந்து விக்கிறாங்கன்னு நீதான் சொன்ன. அதே மாதிரி இன்னொரு கடைக்காரங்க பண்ணிட்டாங்கன்னு 2021ல கோர்ட் வரைக்கும் போயிருக்காங்கன்னு சொன்னப்ப, ஒரு பூச்சி கேக்குக்கா இவ்ளோன்னு எனக்கு ஆச்சரியமா போச்சு. போட்டோவ பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தேன். உள்ள இருக்குறது சுருட்டுன கேக்தான், துணிக்கடையில துணிய உருளையா சுத்தி வைக்கிற மாதிரி. இத நம்மளால முடியும்னு அன்னைக்கு தோணுச்சு. தையல் மிஷின நிறுத்தி அப்ப எட்டு மாசம் ஆகியிருந்துச்சு, தோள்பட்டை வலிக்காக டாக்டர் நிறுத்தச் சொன்னதுலருந்து கைக்கு வேலையே இல்ல, சும்மா இருந்த கை பாப்பா அது, உனக்கு புரியுமான்னு தெரியல.

முதல்ல ஒரு கிளாஸுக்கு போனேன், ஒரு நாள் கிளாஸ், 2500 ரூபா. இருபது பேர் சுத்தி நின்னோம், அந்த மேடம் மட்டும்தான் எல்லாத்தையும் பண்ணாங்க, மாவத் தொட்டுப் பாக்கக்கூட விடல. கைல ஒரு ஜெராக்ஸ் பேப்பர் குடுத்து அனுப்பிட்டாங்க. நான் எத்தன பிள்ளைகளுக்கு தையல் சொல்லிக் குடுத்திருக்கேன், துணிய கைல குடுக்காம யாருக்காவது தைக்க வருமா? அந்த வருத்தத்துலதான் வீட்லயே கத்துக்கிடுறதுன்னு முடிவு பண்ணேன்.

ஃபாண்டன்ட்னா கேக்குக்கு மேல துணி மாதிரி தேய்ச்சுப் போத்துற சீனி மாவு. முதல் ஃபாண்டன்ட் கேக் பாழாத்தான் போச்சு, உனக்கு போட்டோ அனுப்பல. விப்பிங் கிரீம் தடவி அதுக்கு மேல ஃபாண்டன்ட்ட போத்திட்டேன். ஒரு மணி நேரத்துல மழைல நனைஞ்ச சேலை மாதிரி வழிஞ்சு கீழ வந்துடுச்சு. கிரீம்ல தண்ணி இருக்கு, ஃபாண்டன்ட் முழுக்க சீனி, சீனி தண்ணியக் கண்டா சும்மா இருக்குமா. உள்ள கனாஷ்தான் பூசணும், சாக்லேட் ரெண்டு பங்கு, ஃபிரெஷ் கிரீம் ஒரு பங்கு, நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு மூணுக்கு ஒண்ணு போட்டாத்தான் நிக்கும். அத ராத்திரி முழுக்க வெளிய வச்சு இறுக விட்டு, மறுநாள் பூசி, ஸ்கிரேப்பரால இழுத்து இழுத்து சுவர் மாதிரி ஆக்கணும். பிளவுஸுக்கு லைனிங் மாதிரின்னு வச்சுக்கோ. லைனிங் கோணினா மேல போடுற பட்டு என்ன விலையா இருந்தாலும் கோணும்.

ஃபாண்டன்ட் வீட்லயே பண்றேன் இப்ப. சீனிய கார்ன்ஃபிளவர் போட்டு மிக்ஸில அடிச்சு, சல்லடை பத்தாது, உங்க தாத்தா மருந்துக்கு வஸ்திரகாயம் பண்ணுவாகளே அது மாதிரி மல் துணில சலிக்கேன், ஒரு சின்ன குருணை இருந்தாலும் தேய்க்கும்போது துணில முள்ளு குத்துன மாதிரி கிழிஞ்சு போவும். அரைக் கிலோ சீனி மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் ஜெலட்டின் ரெண்டு டேபிள்ஸ்பூன் தண்ணில ஊறவச்சு, அதுல லிக்விட் குளுக்கோஸ் கால் கப், கிளிசரின் ரெண்டு டீஸ்பூன், லேசா சூடு காட்டி ஊத்தி பிசையணும். ஜெலட்டின் இழுவைக்கு, குளுக்கோஸ் சீனி திரும்ப கட்டி தட்டாம இருக்க, கிளிசரின் காயாம இருக்க. பிசைஞ்சு முடிச்சா காது மடல் மாதிரி இருக்கும். ஜெலட்டின் சைவம் இல்லல்லா, அதனால எதிர்வீட்டு மாமிக்கு குடுக்கும்போது மேல உள்ளத உரிச்சு வெறும் கேக்கா குடுத்தா போதும்னு நெனச்சேன், அப்புறம் அது நியாயம் இல்லன்னு தோணுச்சு, அவங்களுக்குன்னு முட்டை இல்லாம, ஜெலட்டின் இல்லாம தனியா பண்றேன்.

தூத்துக்குடி காத்து இருக்கே, அதுதான் பெரிய பாடு. உப்பு ஜாடிய திறந்து வச்சா மறுநாள் எப்படி தண்ணி விட்டுக் கெடக்கும், அதே கததான் சீனிக்கும். ஃபிரிட்ஜ்லருந்து கேக்க அப்படியே வெளிய எடுத்தோம்னா அஞ்சு நிமிஷத்துல மேல முத்து முத்தா வேர்த்து, கலர் கரைஞ்சு ஓடும். அட்டைப்பெட்டிய மூடி டேப் ஒட்டி வச்சு, எடுத்ததும் பெட்டிய திறக்காம ரெண்டு மணி நேரம் ஃபேனுக்கு கீழ விட்டா அந்த வேர்வை பெட்டிக்கு மேலயே போயிடுது, உள்ள கேக் காஞ்சே இருக்கு. இத கண்டுபிடிக்க எனக்கு மூணு கேக் ஆச்சு. தொட்டுத் தொட்டு வந்ததுனால இனி மறக்காது.

தையல் எனக்கு எங்கெல்லாம் கை குடுத்துச்சு தெரியுமா. கேக் நடுவுல மட்டும் மேடு தட்டாம இருக்க, வெட்டுத்துணில காட்டன் துண்டா பாத்து பட்டையா கிழிச்சு, தண்ணில நனைச்சு பிழிஞ்சு டின்ன சுத்திக் கட்டி ஓவன்ல வைக்கிறேன், ஓரம் சீக்கிரம் வேகாம நடுவோட சேந்து எழும்பி தட்டையா வருது. ஓவன்ல சூடாகுற கம்பில துணி படாம பாத்துக்கிடணும், பாலியஸ்டர் கலந்த துணி ஆகவே ஆகாது. அப்புறம் எந்த உருவம் பண்றதா இருந்தாலும் முதல்ல நியூஸ்பேப்பர்ல அளவு வரைஞ்சு வெட்டி, கேக்க ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சு, பேப்பர மேல வச்சு பிரெட் கத்தியால அறுக்கேன். இதுக்கு பஞ்சு மாதிரி கேக் சரிப்படாது, உதிந்துடும். முட்டை, வெண்ணெய், சீனி, மைதா நாலும் ஒரே எடை, அந்த கேக்தான் கத்திக்கு நிக்கும். ஃபாண்டன்ட் போத்தும்போது அடில சுருக்கம் விழுமே, புதுசா பண்றவங்கள்லாம் அங்கதான் மாட்டிக்கிட்டு நிப்பாங்க, எனக்கு அது தெரிஞ்ச வேலை. கீழ இழுக்கக் கூடாது, பாவாடை மடிப்ப விரிச்சு விடுற மாதிரி வெளிப்பக்கமா விரிச்சு, மேலருந்து உள்ளங்கையால தடவிக்கிட்டே வந்தா உபரியெல்லாம் தானா அடிக்கு வந்து நிக்கும், அப்புறம் வெட்டிடலாம். பைப்பிங்னா எனக்கு இத்தன வருஷம் பிளவுஸ் கழுத்துதான். இப்ப பட்டர் பேப்பர கடலைப் பொட்டலம் மாதிரி சுருட்டி அதுல ஐசிங் நிரப்பி பிழியுறதுக்கும் அதேதான் பேரு.

போன மாசம் பண்ணத நீ பாத்த, ஆனா எப்படி பண்ணேன்னு சொல்லல. தையல் மிஷின் கேக். கீழ மேடை கேக், தூண் கேக், மேல நீட்டிக்கிட்டு இருக்க கை மட்டும் கேக்கா இருக்க முடியாது, அந்தரத்துல நிக்காது, கனத்துல ஒடிஞ்சு விழுந்துடும். அப்பாதான் பிளைவுட் பலகைல ஓட்டை போட்டு விரல் கனத்துல மரக்குச்சி ஒண்ண நிக்க வச்சு, அடிலருந்து ஸ்குரூ அடிச்சு, மேல குறுக்க இன்னொண்ணு மாட்டித் தந்தாக. ரெண்டு நாள் ஒரு வார்த்தை பேசாம அதுலயே உக்காந்திருந்தாக. குச்சி முழுக்க கிளிங் ஃபிலிம் சுத்தி, அதச் சுத்தி பொரி. ஆமா நம்ம கடைப்பொரிதான், வறுத்து நமுப்பு போக்கி, மார்ஷ்மெல்லோவும் வெண்ணெயும் உருக்கி அதுல கிளறி, சூடோட வெண்ணெய் தொட்டுக்கிட்டு அமுக்கி அமுக்கி பிடிச்சா கல்லு மாதிரி நிக்குது, ஆனா கனமே இல்ல. ஊசி இறங்குற எடத்துல ஒரு குச்சிய மேடை வரைக்கும் இறக்கிட்டேன், வெளிய பாத்தா ஊசின்னு தெரியும், உண்மைல அதுதான் அந்தப் பக்கத்து பாரத்த தாங்குது.

கருப்பு வேணும்னு வெள்ளை ஃபாண்டன்ட்ல கருப்பு கலர கொட்டினா பிசுபிசுன்னு ஆகி வாயெல்லாம் கசக்கும். முதல்ல கோகோ போட்டு நல்ல பிரவுன் ஆக்கிட்டு, அதுல கொஞ்சம் கருப்பு ஜெல் கலர் போட்டு மூடி வச்சிட்டேன், காலைல பாத்தா ராத்திரி இருந்தத விட நல்லா கறுத்திருந்துச்சு. வீல் மட்டும் நாலு நாள் முன்னாடியே பண்ணேன், ஃபாண்டன்ட்ல சிஎம்சி பவுடர் கலந்தா காஞ்சு ஓடு மாதிரி ஆயிடும். மிஷின் பக்கத்துல உக்காந்து வீல தொட்டுத் தொட்டுப் பாத்து ஆரம் எத்தன, நடுவுல உள்ள வளையம் எவ்ளோ கனம்னு எண்ணி பண்ணேன். வலது கை படுற எடத்துல பெயிண்ட் போயி இரும்பு மினுமினுன்னு இருக்கும் பாரு, அத வெள்ளி டஸ்ட் தொட்டு அப்படியே கொண்டு வந்தேன். இத்தன வருஷம் அத சுத்துன கை இது, ஆனா அந்த தேய்மானத்த அன்னைக்குத்தான் ஒழுங்கா பாத்தேன்.

இப்ப நீ கேட்டதுக்கு வாரேன்.

31 வருஷம் அடுத்தவங்க அளவுக்கு தைச்சிருக்கேன் பாப்பா. அளவு ஜாக்கெட்ட குடுத்துட்டு போவாங்க, கை இறுக்குது, கழுத்து இறங்கிடுச்சு, நாளைக்கு கல்யாணம் இன்னைக்கே வேணும். தீபாவளிக்கு முந்துன ராத்திரி நீ வெட்டுத்துணி மூட்டை மேலயே தூங்குவ, உனக்கு பாவாடை ஓரம் அடிக்க விடியக்காலைலதான் நேரம் கெடைக்கும். நான் அத குறையா சொல்லல, அந்த காசுலதான் நீ படிச்ச, எனக்கு அதுல பெருமைதான். ஆனா ஒரு நாள்கூட நான் எனக்கு பிடிச்ச ஒண்ண, எனக்கு பிடிச்ச மாதிரி, எனக்கு பிடிச்ச நேரத்துல பண்ணது இல்ல. ஆர்டர்னு வந்தா திரும்ப அதேதான் வரும். யாரோ ஒரு போட்டோ அனுப்பி இதே மாதிரி வேணும்பாங்க, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு நிப்பேன், விலை பேசுவாங்க. இந்த தையல் மிஷினுக்கு ஒன்பது நாள் எடுத்தேன், எந்த நாளும் அவசரமே படல. சக்கரத்த மூணு தடவ உடச்சிட்டு திரும்ப பண்ணேன், யாரும் கேக்கல. அந்த சுகத்த நான் இப்பதான் பாக்குறேன், அத விக்கச் சொல்லாத.

குடுக்காம இல்ல. கீழ்வீட்டு பையனுக்கு ஜேசிபி பண்ணிக் குடுத்தேன், எதிர்வீட்டு மாமிக்கு கோலம் போட்ட கேக், அப்பா ஃபிரெண்டு ரிட்டயர்மென்ட்டுக்கு லாரி. காசு குடுக்க வந்தாங்க, வாங்கல. சீனியும் வெண்ணெயும் என்ன விலைன்னு அப்பா முணுமுணுத்தாகதான், அப்புறம் அவுகளே அடுத்து என்ன பண்ணப்போறன்னு கேக்காக.

நீ கோபப்பட மாட்டன்னு தெரியும். ஜனவரில வரும்போது பெட்டில எடம் இருந்தா அங்க கெடைக்குற பூ கட்டர் சின்னதா ஒரு செட்டு, அப்புறம் நல்ல சிவப்பு ஜெல் கலர் ஒண்ணு, இங்க வாங்குறது காஞ்சா ரோஸா போயிடுது. இல்லன்னாலும் பரவால்ல.

மிஷின் கேக்க அன்னைக்கு சாயங்காலம் தெருவுல எல்லாருக்கும் வெட்டிக் குடுத்துட்டோம், முதல் துண்டு அப்பா வெட்டுனாக, தூண் பக்கம். வீல மட்டும் எடுத்து வச்சிட்டேன். டப்பால அரிசி கொஞ்சம் போட்டு, மேல துணி விரிச்சு, பீரோல மேல் தட்டுல இருக்கு. கெடாது, காஞ்சுதான இருக்கு. நீ வந்ததும் காட்டுறேன்.

அம்மா