பெயரை இரவல் கொடுத்தவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரபலங்கள் காமிக்ஸ் எழுத வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அட்டையில் பிரபலத்தின் பெயர், உள்ளே எழுதுவது வேறு யாரோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அமெரிக்க ரெஸ்லரான (தொழில்முறை மல்யுத்த வீரர்) சிஎம் பங்க்கையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து, "ரெஸ்லருக்கு இங்கே என்ன வேலை" என்ற தொனியில் ஒரே வரியில் முடித்துவிட்டது உறுத்தியது.

ரெஸ்லிங் பார்ப்பவர்களுக்கு அவருடைய காமிக்ஸ் பித்து தெரிந்த விஷயம். ரிங்குக்கு வரும்போது அவர் போடும் கூச்சலே, ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸில் வரும் தி திங் அடிதடியில் இறங்கும்போது சொல்லும் வசனம்தான். 2014 ஜனவரியில் டபிள்யூடபிள்யூஈ என்ற ரெஸ்லிங் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு மார்வெலின் தோர் ஆண்டு மலரில் இளம் தோர் குடித்துக் கூத்தடிக்கும் சிறுகதை ஒன்றை எழுதினார். எழுதியவரோ மதுவைத் தொடாதவர், அதையே ரிங்கில் தன் அடையாளமாக வைத்திருந்தவர்! அப்புறம் 2015 நவம்பரில், டிராக்ஸ் என்ற மார்வெல் பாத்திரத்தின் பெயரிலேயே தொடர் வந்தது; காமிக்ஸ் எழுத்தாளர் கல்லன் பன்னுடன் சேர்ந்து எழுதியது, 11 இதழ்கள். (திரையில் டிராக்ஸாக நடித்த டேவ் பாடிஸ்டாவும் முன்னாள் ரெஸ்லர். அந்தப் பாத்திரத்தின் ராசி போலும்.)

கூட ஒருவர் எழுதினாரே என்று கேட்கலாம். மாதாமாதம் இருபது பக்கம் போல வர வேண்டிய தொடரில் புதியவர் ஒருவர் அனுபவசாலியோடு சேர்ந்து எழுதுவதில் என்ன குறை? தொழில் பழகும் வழி அது.

ரெஸ்லருக்கு இந்தத் தொழில் அவ்வளவு அந்நியமும் இல்லை. வாரா வாரம் கதையை ஒரு கொக்கியில் மாட்டி நிறுத்துவது, ஹீலாக, அதாவது வில்லனாக, நின்று வசை வாங்குவது, பழைய பகையைச் சரியான நேரத்தில் தோண்டி எடுப்பது எல்லாம் அங்கே அன்றாட வேலை. முக்கியமாக, அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வலி உடம்பிலேயே தெரிய வேண்டும். காமிக்ஸின் ஒரு கட்டத்துக்குள் ஒரு கணம்தான் அடங்கும். ஓங்கிய கையைக் காட்டுவதா, விழுந்த உடலைக் காட்டுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு பங்க்குக்கு ஏற்கெனவே தெரியும். ரெஸ்லிங்குக்கும் காமிக்ஸுக்கும் உள்ள உறவும் பழையது: 1962இல் ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய கதையில், பீட்டர் பார்க்கர் தன் சக்தியைச் சோதித்துப் பார்க்கப் போன இடமே ரெஸ்லிங் ரிங்தான். க்ரஷர் ஹோகனிடம் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர்.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பங்க்கின் பெரிய பலம் மைக். 2011 ஜூனில் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நிறுவனத்தையே கிழித்துப் பேசிய அந்தச் சில நிமிடங்கள்தான் அவரை எங்கோ கொண்டுபோய் வைத்தன. காமிக்ஸில் பேச்சு நீண்டால் வசனக் குமிழ் படத்தை மூடிவிடும். டிராக்ஸில் சில பக்கங்களில், அவர் மைக்கைக் கீழே வைக்க மனமில்லாமல் இருப்பது போலத்தான் எனக்குப் பட்டது. ஆண்டு மலர்க் கதை குட்டியாக இருந்ததாலேயே எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. குறை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். படிக்காமலே ரெஸ்லர் என்று ஒதுக்குவது சரியில்லை. ஏஜே மெண்டெஸும் ரிங்கிலிருந்து வந்து நடிகை ஏமி கார்சியாவோடு சேர்ந்து காமிக்ஸ் எழுதியிருக்கிறார். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இன்னொன்று. அட்டையில் யார் பெயர் வருகிறது என்று அவ்வளவு கவலைப்பட்ட கட்டுரையில் ஓவியர் ஒருவரின் பெயர்கூட இல்லை. தோர் கதையை வரைந்தவர் ராப் கில்லரி, டிராக்ஸ் தொடரை வரைந்தவர் ஸ்காட் ஹெப்பர்ன். அடுத்த இதழில் ஒரு சின்னக் குறிப்பாகவாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்