பயிலரங்கில் பேசப்போகும் மகளுக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. உன் பல்கலைக்கழகம் நடத்தும் பேரியல் பொருளியல் (மேக்ரோ) பயிலரங்கில் உனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்றதும் அம்மா அந்த நிமிடமே சித்திக்கும் மாமாவுக்கும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். ஆனால் உன் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை. ஒத்திகையில் ஒருவர், சிங்கப்பூர் ஒரு விதிவிலக்கு, வட்டி விகிதத்தைத் தீர்மானிக்காத மத்திய வங்கியை வைத்துக்கொண்டு பொதுவாக என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டாராம், அதனால் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஏறினால் உணவு விலை எவ்வளவு இறங்கும் என்ற உன் கட்டுரையில் நம் ஊர்ப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முன்னால் வேறு எதையோ வைக்கப் போகிறாயாம். அப்படிச் செய்யாதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

விதிவிலக்கு என்று சொன்னவருக்குப் பொருளியல் அறிஞர் ராபர்ட் முண்டெலையே பதிலாகச் சொல். அவருக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தபோது பத்திரிகையில் வந்ததை நான் படித்திருக்கிறேன், அப்புறம் நீ விளக்கியபோதுதான் முழுசாகப் புரிந்தது. நாணய மாற்று விகிதத்தைப் பிடித்து வைப்பது, பணம் தாராளமாக எல்லை தாண்டிப் போய்வர விடுவது, வட்டியைத் தன் இஷ்டத்துக்கு வைப்பது, இந்த மூன்றும் ஒரு நாட்டுக்கு ஒரே நேரத்தில் வாய்க்காது. அப்படியென்றால் ஒவ்வொரு நாடும் எதையோ விட்டுத்தானே ஆகவேண்டும்? ஹாங்காங் 1983 முதல் அமெரிக்க டாலரோடு கட்டிப் போட்டுக்கொண்டு வட்டியை விட்டுவிட்டது. நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981இல் வெள்ளியின் மதிப்பையே கைப்பிடியாக எடுத்துக்கொண்டு, பல நாட்டு நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடைக்கு எதிராக அதை ஒரு வரம்புக்குள் மெல்ல நகர்த்துகிறது, வட்டி வெளியிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்கிறது. நாம் இங்கே செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியிலும் ஏறக்குறைய நாற்பது காசு இறக்குமதிக்குப் போகிறது, உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, அப்படிப்பட்ட ஊரில் விலைவாசியைப் பிடிக்க வேறு எதைப் பிடிப்பார்கள்? இறக்குமதியை நம்பி வாழும் சின்ன நாடுகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்கும் இதே கேள்விதான்.

மலேசியா 1998இல் வேறு ஒன்றை, பணம் தாராளமாக எல்லை தாண்டுவதை, விட்டது, அதை நான் கடைக் கவுண்டரில் நின்று பார்த்தேன். செப்டம்பர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது: ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிவிட்டார்கள், வெளிநாட்டில் இருக்கும் ரிங்கிட் அந்த மாதம் முடிவதற்குள் திரும்ப உள்ளே வந்துவிட வேண்டும். நான் வேலை பார்த்த சிராங்கூன் சாலை மணி சேஞ்சர் கடையில் முதலாளி விலைப் பலகையில் ரிங்கிட் வரியை மட்டும் துடைத்துவிட்டார். ஜோகூரில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள், அங்கே கடை வைத்திருந்தவர்கள், ரப்பர் வளையம் போட்ட கட்டுகளோடு வந்து நின்று, வாங்குவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு 500, 1000 ரிங்கிட் தாள்களும் செல்லாமல் போயின. டாலருக்கு 3.80 என்ற அந்தப் பிணைப்பு 2005 ஜூலை வரை இருந்தது. ஆக ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர், மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று விடை. உன் முதல் ஸ்லைடில் இந்த மூன்றையும் வரிசையாக வை, நாம் விதிவிலக்கா இல்லையா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய பொருளாதார மாதிரிகளில் நாடு முழுவதையும் ஒரே குடும்பமாக வைத்துக் கணக்குப் போடுவார்கள், இப்போது பலவிதக் குடும்பங்களை வைத்துப் போடுகிறார்கள் என்று சொல்லி, கப்லான், மோல், வயலான்டே மூவரும் 2018இல் எழுதிய கட்டுரையை அனுப்பினாயே, அதன் முன்னுரையை மெதுவாகப் படித்தேன். அது சரியான பாதை மா. என் கவுண்டருக்கு ஒரே குடும்பம் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்ப வரும் கட்டுமானத் தொழிலாளிக்கு வெள்ளி ஏறினால் கொண்டாட்டம், 2000இல் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 26 ரூபாய், 2024இல் 62க்கு மேல், ஆனால் அதே காலத்தில் அங்கே விலைவாசியும் ஏறியிருக்கிறது, வீட்டில் அரிசி வாங்குகிறவளிடம்தான் அதைக் கேட்கவேண்டும். பள்ளி விடுமுறைக்கு ஜோகூர் போகும் குடும்பத்துக்கும் கொண்டாட்டம், 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் கிடைத்தது. ஆனால் வெளிநாட்டுக்குப் பொருள் செய்து அனுப்பும் தொழிற்சாலையில் நிற்பவருக்கு அது வேறு கதை. உன் சித்தப்பாவுக்கு 2001 ஆட்குறைப்பில் வேலை போனது, அதற்குக் காரணம் வெள்ளி இல்லை, வெளியே எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ஆளில்லை என்பதுதான், இருந்தாலும் அந்த ஆண்டு ஆணையம் வெள்ளியை ஏறவிடாமல் நிறுத்தி வைத்தது ஏன் என்று யோசித்துப் பார். இந்த மூன்று பேரும் உன் சமன்பாடுகளுக்குள் இருக்கவேண்டும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவரை எத்தனை பேர் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று அங்கே வரும் பெரியவர்களிடம் தயங்காமல் கேள்.

சரி, உன் கட்டுரையின் நடு விஷயத்துக்கு வருகிறேன், வெள்ளி ஏறினால் உணவு விலை எவ்வளவு இறங்குகிறது என்பதுதானே. 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஐந்து முறை ஆணையம் வெள்ளியை மேலும் ஏறவிட்டுக் கொள்கையை இறுக்கியது, அப்படியும் மூலாதாரப் பணவீக்கம் (வீட்டுச் செலவையும் சொந்தக் கார் செலவையும் விட்டுவிட்டுக் கணக்கிடும் விலையேற்றம்) 2023 தொடக்கத்தில் 5.5 விழுக்காட்டைத் தொட்டது. இதை வைத்து "கொள்கை வேலை செய்யவில்லை" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். இறுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்பதுதான் கேள்வி என்று நீ சொல்வாய், அது எனக்குத் தெரியும், ஆனால் அதை எப்படிப் பிரித்துக் காட்டுகிறாய் என்பதில்தான் மாட்டுவாய். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, டிசம்பரில் வெங்காயத்தை நிறுத்தியது. விற்கமாட்டேன் என்று சொன்னவரிடம் பலமான வெள்ளியால் என்ன வாங்கமுடியும்? அந்த மாதங்களைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் உன் எண் கெட்டுப்போகும்.

இங்கே தேக்கா சந்தைக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி ஒருவரிடம் போன வாரம் பேசினேன். ரூபாய் விழுந்ததால் உங்களுக்கு மலிவாக வருமே என்றேன். எங்களுக்கு பில் அமெரிக்க டாலரில் வருது அண்ணே, ரூபாயை நான் ஏன் பார்க்கணும் என்றார். பொருளியல் அறிஞர் கீதா கோபிநாத்தும் கூட்டாளிகளும் 2020 கட்டுரையில் காட்டியது இதுதானே, உலக வணிகத்தில் பெரும்பகுதிக்கு டாலரில் விலை வைக்கிறார்கள், அதனால் இரண்டு நாட்டு நாணயத்துக்கு நடுவில் உள்ள விகிதத்தைவிட டாலர்தான் விலையில் தெரியும் என்று? அந்த வியாபாரி இன்னொன்றும் சொன்னார், வாங்கும் விலை ஏறினால் அந்த வாரமே கடைக்காரர் ஏற்றிவிடுவார், இறங்கினால் வாடகை, சம்பளம், லாரிக் கூலி என்று கொஞ்ச நாள் அப்படியே வைத்திருப்பார். ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாக அளந்து பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் பயிலரங்குக்கு முன் பார்த்துவிடு, இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

பேசும்போது இரண்டாவது ஸ்லைடிலேயே குறுக்கே கேள்வி வரும், மேக்ரோக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் என்று நீயே சொன்னாய். வரட்டும். கேட்டு முடிக்கும்வரை காத்திரு, அப்புறம் பேசு, நீ சின்ன வயசிலிருந்தே பதிலை முன்கூட்டியே ஆரம்பிக்கிற ஆள். உன் கட்டுரையைப் படித்துவிட்டுக் கருத்து சொல்ல வருபவர் குறை சொன்னால் அவர் சொல்வதை எழுதிக்கொள். உன் கட்டுரையை வரிவரியாகப் படிக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எவ்வளவு பெரிய விஷயம். ராத்திரி விருந்தில் தோழிகளோடு மூலையில் உட்காராதே, தெரியாதவர் பக்கத்தில் போய் உட்கார்.

இன்னொரு சின்ன விஷயம், ஆணையத்தின் கொள்கை அறிக்கை முன்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும்தான் வரும், 2024 முதல் ஆண்டுக்கு நான்கு. உன் பழைய ஸ்லைடில் இரண்டு என்றே இருக்கிறது, மாற்றிவிடு.

அந்த மொத்த வியாபாரி பழைய பில்களையெல்லாம் வைத்திருக்கிறார், பெயரை மறைத்துவிட்டுத் தேதியும் விலையும் மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். எந்த ஆண்டிலிருந்து வேண்டும், வெங்காயம் மட்டும் போதுமா, பருப்பும் வேண்டுமா என்று எழுது. சனிக்கிழமை போய் உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா