பாதி வழியில் ஒரு நன்றி

ஆச்சிக்கும், கொத்தனார் அண்ணனுக்கும், எங்கள் தெருவில் எல்லாருக்கும்,

நான் வந்த வேலையில் பாதி முடிந்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைக் கற்றுக்கொண்டு மலேசியாவின் பினாங்குக்குத் திரும்ப வேண்டும், அதற்கு இரண்டு வருடம். கிளம்பும்போது நன்றி சொன்னால் போதாதா என்று அம்மா கேட்டார். கிளம்புகிற அவசரத்தில் பாதிப் பேர் விட்டுப்போவார்கள், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் அந்த சி படிவம். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கிற வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிய வேண்டும். இது தெரிந்ததும், காரைக்குடியில் வீடு தருவதாகச் சொன்ன ஒருவர் பின்வாங்கிவிட்டார். ஆச்சி, நீங்கள்தான் "அதுக்கென்ன, பேரன் பாத்துக்குவான்" என்று வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது பின்பகுதியில், இருக்கிற அறையின் சாவியைக் கையில் கொடுத்தீர்கள். பேரன் தம்பி, நீயும் அன்று ராத்திரி அந்த இணையப் பக்கம் திறக்கத் திறக்க நின்றுபோனாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். நன்றிப்பா.

கொத்தனார் அண்ணே, உங்களிடம் நான் நோட்டும் பேனாவுமாக வந்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை எவ்வளவு நேரம் அரைப்பது என்று கேட்டதற்கு, "கையில எடுத்துப் பாரும்மா, அதுவே சொல்லும்" என்றீர்கள். நறநறப்பு போய் வெண்ணெய் மாதிரி விரலில் வழுக்க வேண்டும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சைப் போட்டு, ஈரம் இழுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தினால் பூச்சு கல்லோடு வந்துவிடும், பிந்தினால் பளபளப்பு வராது. நீங்கள் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்து நேரம் சொல்வீர்கள். இப்போது என் புறங்கைக்கும் கொஞ்சம் பிடிபடுகிறது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

மனசு மட்டும் ஒரு நிலையில் இல்லை. தமிழ் ஊர்தானே என்று வந்தேன், என் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்க சிலோனா?" என்றார்கள். பூர்வீகம் எது என்றால் என்னிடம் பதில் இல்லை, தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆச்சி வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி, நிற்கிற பர்மா தேக்குத் தூண்களோ, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் சம்பாத்தியத்தில் வந்தவை. இந்த அழகில் எங்கள் ஆட்களின் உழைப்பும் இருக்கிறதே என்று சில நாள் கோபம்கூட வந்தது, அதை ஆச்சியிடம் சொல்லியும்விட்டேன். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. "இருக்கும்த்தா" என்றீர்கள். அப்புறம், மாமனார் மூன்று வருடக் கணக்குக்குக் கடல் தாண்டிப் போய்விடுவார், மாமியார் இவ்வளவு பெரிய வீட்டில் பிள்ளைகளோடு காத்துக் கிடப்பார் என்று சொல்லிக்கொண்டே எனக்குக் கந்தரப்பம் எடுத்து வைத்தீர்கள். கோபம் முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் உங்கள் மேல் பிரியம் கூடிவிட்டது. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நடுராத்திரி என்றும் பாராமல் எதிர்வீட்டு அக்கா திருச்சி விமான நிலையம் வரை என் கூட வந்தார், கோலாலம்பூர் விமானம் கிளம்புகிறவரை அங்கேயே இருந்தார். பினாங்கில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இங்கே பாதியில் விட்டு வந்த சுவர் வெடித்திருக்குமோ என்று நினைப்பு ஓடியது. இங்கே வந்த பிறகோ, சாயங்காலம் ஆறரைக்கு ஆச்சி விளக்கேற்றும்போதெல்லாம் அங்கே மணி ஒன்பது, அப்பா மாத்திரை போட்டிருப்பாரா என்று ஓடுகிறது. மீதி வருடமும் இப்படித்தான் போகும் போல. போகட்டும், நீங்களெல்லாம் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிறேன். யாருக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். ஆச்சிக்குக் கோடாலித் தைலம் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.