முதல் 25 உருப்படிக்குக் கணக்கு எழுது, பாப்பா

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். பேரனுக்குச் சளி விட்டதா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். குழந்தை சற்று வளரும்வரை கோயம்புத்தூரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்வர முடியாது, வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பொருள் விற்றுச் சம்பாதிக்க நினைக்கிறேன், அதைக் கற்றுத்தரும் வகுப்பொன்றில் சேர 25,000 ரூபாய் வேண்டும் என்று சொல்லியிருந்தாய். பணம் தருகிறேன், அந்த வகுப்புக்காகத் தர எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் நான் பாதி சொல்லும்போதே உனக்குக் குரல் கம்மிவிடும், மீதியை நானும் விழுங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இணைப்பில் இருந்த இலவச முன்னோட்ட வகுப்பை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மாதம் ஒரு லட்சத்துக்கு விற்றவர், மூன்று லட்சத்துக்கு விற்றவர் என்று வரிசையாகக் காட்டினார்கள். எவ்வளவுக்கு விற்றார் என்பது மட்டுமே கடைசிவரை வந்தது. அவர் கையில் என்ன மிஞ்சியது, எத்தனை பார்சல் திரும்பி வந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. 31 ஆண்டுகள் புளி மண்டியில் பேரேடு எழுதியவனுக்கு வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி மூடிவிடும் கணக்கு பெரும் அச்சத்தைத் தருகிறது. மேலும், விற்பனையாளராகப் பதிவு செய்வது எப்படி, படம் ஏற்றுவது எப்படி என்ற பாடங்களை அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களே காசு வாங்காமல் சொல்லித் தருகின்றன. நானும் அம்மாவும் அவற்றைப் பார்த்துத்தான் தொடங்கினோம்.

நாங்கள் இரண்டு ஆண்டுகளாகப் புளியைப் பொட்டலம் போட்டு இணையத்தில் விற்பது உனக்குத் தெரியும். தொடக்கத்தில் பட்டது உனக்குத் தெரியாது. நீ அப்போது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு கிலோ கொட்டை எடுத்த புளியை 249 ரூபாய்க்கு வைத்தோம். முதல் மாதத்திலேயே 60 பொட்டலம் போயிற்று. வங்கியில் பணம் விழும் செய்தி வரும்போதெல்லாம் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வருவாள். மாதக் கடைசியில் மண்டியில் செய்வதுபோல் ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து அதற்கு மட்டும் கணக்கு எழுதினேன். புளிக்கும் ஓடு, நார், கொட்டை நீக்கும் கூலிக்கும் 142 ரூபாய். கவர், அட்டைப் பெட்டி, டேப் 17 ரூபாய். தளம் பிடித்த தரகு 31 ரூபாய், அனுப்பும் செலவு 74 ரூபாய், இவ்விரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி 19 ரூபாய். 249 ரூபாயில் எங்கள் கைக்கு வந்தது 125 ரூபாய். நாங்கள் போட்டதோ 159 ரூபாய். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 34 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்து 60 வீடுகளுக்குப் புளி அனுப்பியிருக்கிறோம். மொத்தம் 2,040 ரூபாய் நட்டம். காய்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி கிடையாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். பொருளுக்கு வரி இல்லாவிட்டாலும் தளம் செய்யும் சேவைக்கு வரி உண்டு என்பதும், நம் பொருளுக்கு வரி இல்லாததாலேயே அந்த வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு அம்மாவிடம் இதை நிறுத்திவிடலாம் என்றேன். அவள் பதில் சொல்லாமல் அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெட்டிக்குள் பாதி காற்றுதானே இருக்கிறது, காற்றுக்கும் வாடகை கொடுக்கிறோமா?" என்று கேட்டாள். உண்மையில் அதுதான் நடந்திருந்தது. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் பார்சலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கின்றன. அப்படி வரும் கிலோ, தராசு காட்டும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எங்கள் பெட்டி 30க்கு 20க்கு 15. பெருக்கினால் 9,000, வகுத்தால் 1.8 கிலோ, அதை 2 கிலோ என்று வைத்துப் பணம் பிடித்திருந்தார்கள். உள்ளே இருந்த சரக்கோ பெட்டியோடு சேர்த்தே 1.1 கிலோதான். அம்மா புளியைத் தட்டையாக அமுக்கிச் செங்கல்போல் செய்து 20க்கு 15க்கு 10 பெட்டியில் அடைத்தாள். அத்துடன் நிகர எடையை 900 கிராம் ஆக்கினோம்; பெட்டியும் கவரும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டவில்லை. 900 கிராம் என்பதை முதல் படத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஒரு கிலோ என்று எண்ணி வாங்கியவர் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

அதன் பிறகு கணக்கு இப்படி மாறியது. புளி 128, பெட்டி 13, தரகு 31, அனுப்பும் செலவு 46, வரி 14. மிச்சம் 17 ரூபாய். நான் மகிழ்ச்சியோடு நோட்டைக் காட்டினேன். அம்மா முழுவதும் படித்துவிட்டு, "இதில் என் கூலி எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். பாப்பா, அந்தக் கேள்வியை நீ மறக்கவே கூடாது. விடியற்காலையில் எழுந்து எடை போட்டு, ஒட்டி, முகவரிச் சீட்டு ஒட்டியவளின் உழைப்பை நான் ஒரு வரியாகக்கூட எழுதவில்லை. வீட்டுப் பெண்கள் செய்யும் வேலையைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் என்று பெயர் வைப்பது காலங்காலமாக நடக்கிறது, நானும் அதைச் செய்தேன். மறுநாளே விலையை 275 ஆக்கினோம். இரண்டு வாரம் விற்பனை படுத்தது, பிறகு எழுந்தது. நீ உன் நோட்டில் உன் கூலிக்கு முதல் நாளே ஒரு வரி ஒதுக்கு.

தரகு என்பது எனக்குப் புதிதல்ல. அஞ்செட்டியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் மாசி, பங்குனியில் மூட்டை வந்து இறங்கும்போது மண்டியும் தரகு பிடித்தது, எடைக்கூலி பிடித்தது. ஆனால் எடை போட்டுச் சீட்டு எழுதியபின் சரக்கு விவசாயியிடம் திரும்பிப் போனதை நான் கண்டதில்லை. இணைய வியாபாரத்தில் என்னைத் திகைக்க வைத்தது திரும்பி வரும் சரக்குதான். பொருளைப் பெற்றபின் பணம் தருவதாகச் சொன்னவர் வாசலில் வேண்டாம் என்றுவிட்டால் பார்சல் கிருஷ்ணகிரிக்கே வந்து சேரும். கசங்கிய பெட்டி, திரும்பும் கட்டணம் எல்லாம் கூட்டினால் ஒரு பொட்டலத்துக்கு 51 ரூபாய் போயிற்று. 17 ரூபாய் மிச்சம் பார்த்த காலத்தில் அது மூன்று பொட்டலத்தின் சம்பாத்தியம்.

ஏன் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புதுப்புளி வெளிர் பழுப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். நான் உச்சி வெயிலில் எடுத்த படத்தில் புளி பொன்னிறமாகத் தெரிந்தது. வாங்கியவர் கைக்குப் போனபோது அத்தனை பொலிவு இல்லை. வேறு சிலரோ பழம்புளி கேட்டுப் பழகியவர்கள், வெளிறிய புளியைக் கண்டு சந்தேகப்பட்டார்கள். காலை நேரத் திண்ணை வெளிச்சத்தில் மறுபடியும் படம் எடுத்து, எந்தப் பருவத்துப் புளி, உப்பு சேர்த்ததா, வைத்திருந்தால் எப்படி நிறம் மாறும் என்பதை எல்லாம் எழுதி வைத்தோம். சித்திரை வெயிலில் உப்புப் புளி கசிந்து பெட்டியில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க இரட்டைக் கவர் போட்டோம். திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த வகுப்பில் சொல்வதுபோல் மொத்தக் கடையிலிருந்து சமையலறைச் சாமானும் அலங்காரச் சாமானும் வாங்கி விற்கப் போவதாகச் சொன்னாய். அவற்றைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அதே சாமானை அதே கடையில் வாங்கிய நூறு பேர் உன்னைவிட ஒரு ரூபாய் குறைத்து வைப்பார்கள்; நீ இரண்டு ரூபாய் குறைப்பாய். ஆனால் நீ திருப்பூரில் ஆறு ஆண்டுகள் பின்னலாடையின் தரம் பார்த்தவள். துணியைத் தொட்டதும் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாய். எந்தத் தையல் இரண்டாவது துவைப்பில் பிரியும், எந்தச் சாயம் வெளுக்கும், கைக்குழந்தையின் கழுத்தில் எந்த மடிப்பு உறுத்தும் என்று உனக்குத் தெரியும், கையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் ஒரு மணி நேரப் பயணம்தான். கைக்குழந்தைகளுக்கான பருத்திச் சட்டை, ஜட்டி, தொப்பி என்று உனக்குத் தெரிந்த சரக்கை எடு. என் கையில் புளியைக் கொடுத்தால் அது எந்தக் காட்டுப் புளி என்று ஓரளவு சொல்வேன். அந்த அறிவு இல்லாவிட்டால் முதல் மாத நட்டத்திலேயே நாங்கள் ஓடியிருப்போம்.

துணியில் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். "3 முதல் 6 மாதம்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு அளவுக்கும் மார்புச் சுற்றளவு, நீளம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் போடு. ஒரு முறை துவைத்து உலர்த்தியபின் அளந்து போடு. படத்தில் உள்ள குழந்தையின் எடையையும் எழுதினால் தாய்மாருக்கு அது பெரிய உதவி.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 அக்டோபர் முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, இத்தகைய தளங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கலாம். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் அனுப்ப வேண்டுமானால் பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. நம் தெருவில் ஒருவரிடம் அதற்கு 3,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. உறையின் மேல் உன் பெயர், முகவரி, எண்ணிக்கை, எம்ஆர்பி, மாதம், ஆண்டு, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். எங்களைப்போல் உணவுப் பொருள் விற்பவர்கள் பெறும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் உனக்குத் தேவைப்படாது.

இன்னொன்று, பெறும் பணத்துக்கு ஒருபோதும் யூபிஐ பின் எண் தேவையில்லை. விடுதி ஒன்றுக்கு 50 கிலோ புளி வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் பேசினார். பெரிய ஆர்டர் என்ற ஆசையில் நான் ஸ்கேன் செய்துவிட்டேன், திரையில் பின் எண் கேட்டது. அம்மா என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி வைத்தாள். அவள் தாமதித்திருந்தால் அந்த ஆண்டு புதுப்புளி வாங்க வைத்திருந்த பணம் போயிருக்கும்.

விற்ற பணம் உடனே கைக்கு வராது. பார்சல் போய்ச் சேர்ந்து, திரும்பும் காலக்கெடு முடிந்து, அதன் பிறகுதான் தளம் வங்கிக்கு அனுப்பும். ஆகவே கையிலிருக்கும் முழுத் தொகைக்கும் சரக்கு வாங்கிவிடாதே. அடுத்த சரக்குக்குப் பணமில்லாமல் கை கட்டி நிற்க நேரும்.

உன் கணக்குக்கு 12,000 ரூபாய் இன்று அனுப்பியிருக்கிறேன். அதில் 25 சட்டைகளுக்கு மட்டும் துணியும் தையலும் பார். ஒரு சிறிய எலக்ட்ரானிக் தராசு, அளவு நாடா, கவர், சீட்டு ஆகியவற்றை வாங்கு. மீதியைத் தொடாமல் வை. 25 உருப்படிக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுது: துணி, தையல், உறை, தரகு, அனுப்பும் செலவு, வரி, உன் கூலி, திரும்பி வந்ததா, வந்தால் ஏன். ஐந்து திரும்பி வந்தாலும் கலங்காதே, அந்த ஐந்து பக்கங்களை எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம். 25 முடிந்தபின் கணக்கு மிச்சம் காட்டினால் அடுத்த 13,000 ரூபாயையும் தருகிறேன். நீ கேட்ட 25,000 அப்படியே உன்னிடம் வரும்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பார்சலைக் கொடுக்கப் போகும் நேரங்களில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் புதுப்புளி வரும்போது பேரனோடு பத்து நாள் வந்து இரு. அம்மா பெட்டி கட்டும் விதத்தை அருகில் இருந்து பார்க்கலாம். தராசு வாங்கியதும் முதல் சட்டையை உறையோடு வைத்து எத்தனை கிராம் காட்டுகிறது என்று சொல். 500 கிராமுக்குள் எத்தனை சட்டை அடங்கும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் விலை வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா